ஆட்டிசம், கவனம், மூளை ஆராய்ச்சி: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது தூத்துக்குடி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அறிதல்சார் நரம்பியல் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். கண்ணும் காதும் கொண்டுவந்து கொட்டுகிற அத்தனையிலும் மூளை எதை எடுத்துக்கொள்கிறது, எதை விடுகிறது, ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது எப்படி வேறுபடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கோயில் மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பேசக் கூப்பிடுவார்கள். பேச்சு அரை மணி நேரம்தான், கேள்வி இரண்டு மணி நேரம் போகும், வீட்டுக்கு வந்தபிறகும் வாட்ஸ்அப்பில் தொடரும். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் டாக்டரா? என் பிள்ளையைப் பார்த்து ஆட்டிசமா இல்லையா என்று சொல்வீர்களா?

மாட்டேன். நான் முனைவர் பட்டம் வாங்கியவள், மருத்துவர் இல்லை. குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற இந்த நாட்டு மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர், இவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும். போகும்போது கிளினிக்கில் கொடுத்த 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள், பிள்ளை எப்போது என்ன செய்தது என்ற பதிவு அதில்தான் இருக்கும். அரசு மருத்துவமனையில் காத்திருப்பு நீளம். அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே பெயரைப் பதிந்துவிடுங்கள், "பையன்தானே, மெதுவாகப் பேசுவான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும்கூட.

பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு என்கிறீர்கள். கண் திறந்திருந்தால் பார்த்ததுதானே?

இல்லை. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் ஒரு வீடியோ காட்டினார்கள். சிலர் பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள், வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குள் எத்தனை முறை பந்து கைமாறியது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் உள்ளே வந்து மார்பில் தட்டிக்கொண்டு போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. காதுக்கும் இதே கதைதான்: கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம், பிள்ளைகளின் கூச்சல், சமையல்கட்டுச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் எதிரில் இருக்கிற அத்தை பேசுவது மட்டும் உங்களுக்குக் கேட்கிறது. இதை 1953இல் காலின் செர்ரி ஆராய்ந்தார், இரண்டு காதிலும் இரண்டு பேச்சை ஓடவிட்டு ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் என்ன பேசினார்கள் என்பது பெரும்பாலும் யாருக்கும் தங்கவில்லை. உள்ளே வருவது புலனறிவு, அதில் எதைப் பிடித்துக்கொள்கிறோம் என்பது கவனம். கோடு இவ்வளவு நேராக இல்லை, ஆனால் பேசத் தொடங்குவதற்கு இது போதும்.

இதில் ஆட்டிசம் எங்கே வருகிறது?

இதுதான் என் வாழ்க்கை வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வாசலில் போட்ட பெரிய நட்சத்திரக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு குறிப்பிட்ட சின்ன முக்கோணம் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி என்றால் நம்மில் பலருக்கு நேரம் எடுக்கும், ஏனென்றால் நம் மூளை கோலத்தை முதலில் கோலமாகத்தான் பார்க்கிறது, கோடுகளாகப் பார்ப்பதில்லை. 1983இல் லண்டனில் அமிதா ஷா, ஊட்டா ஃபிரித் இருவரும் இதே மாதிரி ஒளிந்த உருவம் தேடும் சோதனையை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாகச் செய்தார்கள், ஒப்பிட்டுப் பார்த்த மற்றப் பிள்ளைகளைவிட நன்றாக. அதுவரை ஆட்டிசம் என்றாலே 'என்ன குறை' என்றுதான் எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள், இந்தச் சோதனையில் அவர்கள் முன்னால் நின்றார்கள். 1989இல் ஃபிரித் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: துண்டுகளைச் சேர்த்து முழுமையாகப் பார்க்கும் இழுப்பு அவர்களுக்குக் குறைவு என்று. மாண்ட்ரியலில் லொரான் மோட்ரான் அதை மறுத்தார். முழுமை குறைவு இல்லை, நுணுக்கம் அதிகம் என்றார். அவருடைய குழுவில் ஆராய்ச்சி செய்த மிஷேல் டாசன் தானே ஆட்டிசம் உள்ளவர், அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறகு 2015இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இன்னும் நிதானமான பதில் வந்தது: ஆட்டிசம் உள்ளவர்களும் முழுக் கோலத்தைப் பார்க்கிறார்கள், அதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கிறது.

அப்புறம் கவனம். நில்லி லாவி 1995இல் சொன்ன கருத்து என்னவென்றால், மூளைக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் உள்வாங்க முடியும் என்று ஒரு கொள்ளளவு இருக்கிறது. செய்கிற வேலை அந்தப் பாத்திரத்தை நிரப்பிவிட்டால் சுற்றி நடப்பது உள்ளே வராது, வேலை லேசாக இருந்து இடம் மிச்சமிருந்தால் சுற்றியிருப்பது தானாகவே உள்ளே வந்து விழும், நாம் வேண்டாம் என்றாலும் வரும். அன்னா ரெமிங்டனும் அவருடைய குழுவும் 2009இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மற்றவர்களுக்குப் பாத்திரம் நிரம்பி, கவனத்தைக் கலைக்கிற பொருள் கண்ணில் படாமல் போன கட்டத்திலும் அவர்கள் அதையும் சேர்த்து உள்வாங்கினார்கள், முக்கிய வேலையில் தவறு கூடாமலே. அதாவது பாத்திரம் பெரியது.

இப்போது ஸ்கூல் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். "கவனமே இல்லை" என்று எழுதியிருக்கும். அந்தப் பிள்ளை டீச்சர் பேச்சையும் கேட்டு, மின்விசிறி சுற்றுவதையும் கேட்டு, பக்கத்து வகுப்பில் நாற்காலி நகர்வதையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேலையை எளிதாக்கிக்கொண்டே போவது எப்போதும் உதவாது. சில நேரம் இன்னும் செறிவான, பிடித்த வேலையைக் கொடுத்தால்தான் அது நிலைத்து உட்காரும். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது, ஒருவருக்கு ஒருவர் அவ்வளவு வித்தியாசம். ஆனால் "கவனமே இல்லை" என்ற அந்த வார்த்தையை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, நீங்கள் அப்படி எழுதியதே இல்லையா?

எழுதியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன். 2015, என் முனைவர் ஆய்வு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பழைய கட்டடத்தில் எங்களுக்கு அறை கொடுத்திருந்தார்கள், மேலே நீளமான டியூப் லைட், உற்றுக் கேட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். திரையில் அம்புக்குறி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்று முறை முயன்றேன். 'கவனம் செலுத்தவில்லை, தரவு பயன்படாது' என்று தாளில் எழுதிவிட்டேன். எழுதி முடிக்கவும் லோட் ஷெடிங்கில், அதாவது முறை வைத்து வெட்டும் மின்வெட்டில், கரண்ட் போகவும் சரியாக இருந்தது. லைட் அணைந்தது, சத்தம் நின்றது, லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. அவன் தலையைக் கீழே இறக்கினான், திரையைப் பார்த்தான், பட்டனை அழுத்த ஆரம்பித்தான். மொத்தச் சோதனையையும் அரை இருட்டில் செய்து முடித்தான்.

அந்தப் பழைய வகை டியூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். எனக்கு அது தெரியவில்லை, அவனை அது விடவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அவன் அம்மாவிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன், ஏனென்றால் அதே வாக்கியத்தை அவர் வேறு எத்தனை இடத்தில் கேட்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

கோயில் மேளம் கேட்டால் என் பேரன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். கண் பட்டிருக்குமா?

கண் படவில்லை ஆன்ட்டி, காது நிறைந்துவிட்டது. ஆட்டிசத்தைத் தொடக்க காலத்தில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே உரத்த சத்தங்கள் அவர்களைப் பயமுறுத்துவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக ஏறுவதற்கு 2013 ஆனது, 70 வருஷம்! இதைப் பெற்றோர் அத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது லிஸ் பெல்லிகானோ, டேவிட் பர் இருவரும் 2012இல் சொன்னது. நாம் எதையும் புதிதாகப் பார்ப்பதில்லை, பழைய அனுபவத்தை வைத்து மூளை முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறது, அந்த ஊகம் வருகிற சத்தத்தின் முனையை மழுக்கிவிடுகிறது. ஊகத்தின் பிடி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடியும் முதல் அடி மாதிரியே விழும்.

போன ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சி வார்க்கும் நாளில் நான் பார்த்தது ஒன்று. எட்டு வயதுப் பையன் கோயிலுக்கு வெளியே மாமரத்தடியில் காதைப் பொத்தி உட்கார்ந்திருந்தான், அவன் அம்மா வெட்கப்பட்டு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெரிய மேளத்தில் என்னமோ கழண்டிருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அது தனியாக அடிக்கிறது" என்றான். உள்ளே போய்ப் பார்த்தேன், தோள் வாரின் கொக்கி ஒன்று கழண்டு மேளத்தின் ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. வாசித்தவருக்கே அது கேட்கவில்லை. கொக்கியை மாட்டியதும் பையன் உள்ளே வந்துவிட்டான் என்று சொல்ல ஆசைதான், வரவில்லை. மரத்தடியிலேயே ஒரு டம்ளர் கஞ்சி குடித்தான். அது போதும் அல்லவா? காதுக்கு மூடி வாங்கிக் கொடுங்கள், மேளம் ஆரம்பிக்கும் முன் கூட்டிப்போய் சாமி கும்பிட்டுவிடுங்கள், வெளியே ஒரு இடம் பார்த்து வையுங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. அதுதான் பெரிய அடையாளம் என்கிறார்களே?

அடையாளங்களில் ஒன்று, ஆனால் இங்கே அதைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும். கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி வைத்து 2002இல் அமி க்ளின் குழு காட்டியது உண்மை: ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் ஒரு படக்காட்சியைப் பார்க்கும்போது நடிகர்களின் கண்ணைவிட வாயையும் பொருள்களையும் அதிகம் பார்த்தார்கள். ஆனால் அது அமெரிக்காவில் நடந்த ஆய்வு. ஜூலு வீட்டுப் பிள்ளை பெரியவர் பேசும்போது தலையைத் தாழ்த்துவது மரியாதை, நம் வீடுகளிலும் மாமனார் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதே என்று வளர்ந்தவர்கள் உண்டு. ஆட்டிசம் பரிசோதனைக்கு உலகமெங்கும் பயன்படும் அடோஸ் கருவியில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பகுதி ஒன்று வருகிறது, கேக் வெட்டிப் பழகாத பிள்ளைக்கு அது விளையாட்டாகவே இருக்காது. 12 அதிகாரபூர்வ மொழிகள் உள்ள நாட்டில் இந்தக் கருவிகளை அப்படியே இறக்கினால் போதாது. இதற்காகவே கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பெட்ரஸ் டி வ்ரீஸ் தலைமையில் ஆப்பிரிக்காவுக்கான ஆட்டிசம் ஆய்வு மையம் நடக்கிறது.

அடுத்தவர் மனசு அவர்களுக்குப் புரியாதாமே?

அந்தப் பேச்சு 1985இல் ஒரு பொம்மைக் கதைச் சோதனையில் தொடங்கியது. சாலி கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறாள், ஆன் அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள், திரும்பி வந்த சாலி எங்கே தேடுவாள்? கூடையில்தான், மாற்றி வைத்தது அவளுக்குத் தெரியாதே. ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டி என்றார்கள். சைமன் பேரன்-கோஹன் குழுவின் ஆய்வு அது, ஒரு தலைமுறையே அதை வைத்துப் பேசியது. மீதி நான்கு பேர் சரியாகச் சொன்னதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2012இல் டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், கேள்வியைத் திருப்பிப் போட்டார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் என்றார். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு அந்த டியூப் லைட் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

தடுப்பூசியால் வருமா? நான் வேலைக்குப் போனதால் வந்ததா?

இரண்டும் இல்லை. தட்டம்மை தடுப்பூசியைக் குற்றம் சொன்ன ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது, 2010இல் 'லான்செட்' இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அம்மாவின் பாசக் குறைவுதான் காரணம் என்ற கொடுமையான கருத்தும் ஒரு காலத்தில் இருந்தது. 1964இல் பெர்னார்ட் ரிம்லேண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா, அதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். ஊசியைப் போடுங்கள், உங்களை நோவதை விடுங்கள்.

இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், தமிழை நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். நிறுத்தவா அக்கா?

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் தமிழ் எவ்வளவு பாடுபட்டு நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆயா தாலாட்டுப் பாடுவதும், "வா கண்ணு, சாப்பிடு" என்று கூப்பிடுவதும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற நேரடித் தொடர்பு. உங்களுக்கு எந்த மொழியில் மனசு விட்டுப் பேச வருமோ அதில் பேசுங்கள்.

தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்களே, அது சரியா?

எனக்குப் பிடிக்காத வார்த்தை. மதி இறுகியிருக்கிறது என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

நம்ம ஊர் ராமச்சந்திரன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று படித்தேன்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து சான் டியாகோ போன வி.எஸ்.ராமச்சந்திரனைப் பார்த்துத்தான் எனக்கே இந்தத் துறையில் ஆசை வந்தது. இல்லாத கை வலிக்கிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்து அவர் செய்தது அருமையான வேலை. ஆனால் அடுத்தவர் செய்வதைப் பார்த்தாலே நாமே செய்வது போல இயங்கும் மூளையின் 'கண்ணாடி நரம்பணுக்கள்' சரியாக வேலை செய்யாததுதான் ஆட்டிசம் என்ற அவருடைய கருத்து பின்னால் வந்த சோதனைகளில் நிற்கவில்லை. பெரியவர் சொன்னதும் சோதனைக்கு உட்பட்டதுதான், எங்கள் தொழிலில் அது அவமரியாதை ஆகாது.

என் மகளுக்கு இந்தத் துறையில் வர ஆசை. என்ன படிக்க வேண்டும்?

மெட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வுக்கு, முழுக் கணக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பதில் எளிய கணக்கான மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் பல கதவுகள் அப்போதே மூடிவிடும். அப்புறம் உளவியலோ உயிரியலோ கணினியோ மூன்று வருஷப் பட்டம், ஒரு வருஷம் ஆனர்ஸ், முதுகலை, பிறகு முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து வருஷம். புள்ளியியலும் பைத்தான் நிரலும் தெரியாமல் இன்றைக்கு எதுவும் நடக்காது, நான் இரண்டையும் 26 வயதில் அழுதுகொண்டே கற்றேன். முனைவர் ஆனபிறகும் சில வருஷம் ஒப்பந்த வேலைதான், வேறு ஊர் போக வேண்டியிருக்கும், நிரந்தர இடங்கள் குறைவு. என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் உதவித்தொகை உண்டு, அதை வைத்துப் படிக்கலாம், வீடு வாங்க முடியாது. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் அது வேறு பாதை, அங்கே முதுகலை இடங்களுக்குக் கடுமையான போட்டி.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்: சொந்த முடிவு தப்பென்று தெரிந்தால் சந்தோஷமாக மாற்றிக்கொள்கிற மனசு வேண்டும். 2015இல் உளவியல் ஆய்வுகள் 100ஐ எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மீண்டும் தெளிவான முடிவு தந்தது. அதற்குப் பிறகு என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குகிறோம்.

அதெல்லாம் வெளிநாட்டில்தானே நடக்கும்?

சி.டி. ஸ்கேனுக்கான கணக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? 1956இல் கேப் டவுனில் ஆலன் கார்மக் என்ற இயற்பியல் ஆசிரியர் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்த்தபோது. 1979இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுக்குப் பிள்ளையைக் கூட்டி வரலாமா? வலிக்குமா?

வலிக்காது. தலையில் துணித் தொப்பி மாதிரி ஒன்று மாட்டுவோம், அதில் 64 சின்ன உணரிகள். மூளையின் மின்சாரம் தோலுக்கு வரும்போது சில மைக்ரோவோல்ட்தான் இருக்கும், கண் சிமிட்டினாலே அதைவிடப் பல மடங்கு அலை எழும்பும், அதனால் ஒரே படத்தை நூறு முறை காட்டிச் சராசரி எடுக்கிறோம்.

முந்தின நாள் தலைக்குக் குளிக்க வையுங்கள், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் இருந்தால் உணரிக்கும் தோலுக்கும் தொடர்பு கிடைக்காது. எனக்கு இது சொல்லும்போதே சங்கடம், எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியே அனுப்பாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஜூலு, கோசா பிள்ளைகளின் சுருள்முடிக்கும் பின்னலுக்கும் இந்தத் தொப்பி சரியாக உட்காராது, அதனாலேயே பல நாடுகளில் அப்படிப்பட்ட முடி உள்ளவர்களை ஆய்வில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். 2020 வாக்கில் அமெரிக்காவில் அர்னெல் எட்டியென் என்ற மாணவி பின்னலுக்கு இடையில் மாட்டுகிற பிடியை வடிவமைத்துக் காட்டினார். யாருடைய தலை பொருந்தவில்லையோ அவர்களுடைய மூளையைப் பற்றி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பிடித்த பொம்மையைக் கொண்டு வரட்டும், தின்பதற்கும் ஏதாவது எடுத்து வாருங்கள். வருவதற்கு முன் அறையின் படத்தை அனுப்புகிறேன், பிள்ளைக்குக் காட்டி வையுங்கள். லைட்டை அணைத்து வைத்திருப்பேன். நடுவில் போதும் என்று கை காட்டினால் தொப்பியைக் கழற்றிவிடுவோம், அதற்குக் காரணம் கேட்க மாட்டோம். தலையில் ஜெல் ஒட்டியிருக்கும், வெந்நீரும் ஷாம்பூவும் துண்டும் அங்கேயே இருக்கிறது. முடி காய்ந்ததும் நீங்களே எண்ணெய் வைத்துப் பின்னிக் கூட்டிப்போகலாம், ஒரு பாட்டில் என் மேஜையில் எப்போதும் இருக்கும்.